எடின்பரோவில் ஒரு தெரு

"லண்டன் இருக்கு, பாரிஸ் இருக்கு. எடின்பரோவுல என்னப்பா பெரிசா?" என்று நம் செட் நண்பர்கள் கேட்பார்கள். எரிமலைப் பாறை மேல் நிற்கும் கோட்டை இருக்கிறது. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பகல் ஒரு மணிக்கு அங்கே பீரங்கி முழங்கும். 1861 முதல் இது வழக்கம். என்னைப் போன்ற எஞ்சினியருக்கு, ஊருக்கு வெளியே 1890-ல் திறந்த ஃபோர்த் ரயில் பாலம் ஒன்றே போதும்.

ஆனால் தாம்பரத்துக்காரன் பார்க்க வேண்டியது ஜார்ஜ் தெருவிலுள்ள செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1843 மே 18 அன்று ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப் பேரவை அங்கே கூடியது. சபையார் விரும்பாத போதகரையும் நிலச்சுவான்தார் நியமிக்கலாம் என்பது அன்றைய சட்டம். அதை ஏற்காத போதகர்கள் எழுந்து வெளியேறி, கேனன்மில்ஸ் வரை இறக்கத்தில் நடந்து போய், சுதந்திரத் திருச்சபையைத் தொடங்கினார்கள். 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் துறந்தார்கள்.

நம் கல்லூரிக்கு மூலமான பள்ளியை 1837-ல் சென்னையில் நடத்தத் தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அவர்கள் பக்கமே சேர்ந்தார். பள்ளியும் அந்தச் சபைக்கு வந்தது. 1862-ல் வில்லியம் மில்லரை அனுப்பியதும் அதே சபைதான். அவர் காலத்தில் வளர்ந்து, 1877-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. 1937-ல் தாம்பரம் வந்தது.

அந்தத் தேவாலய வாசலில் நின்றபோது நம் வளாகத்து மரநிழல்தான் ஞாபகம் வந்தது. சும்மா கிடைத்த நிழல் இல்லீங்க அது. இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே, வாய்ப்பு கிடைத்தால் அந்த வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். அரை மணிகூட ஆகாது.