பூட்டு யாருடையது?
உடன்வரும் மென்பொருளும் செருகுநிரலும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

"கம்ப்யூட்டரோட சும்மா வர்ற சாமான் அது. அதுல வெளியாளு எதையாவது கொண்டாந்து செருகுறதுக்குக் கம்பெனி ஏன் எடம் குடுக்கணும்? புடிக்கலேன்னா வேற ஒண்ணைப் போட்டுக்க வேண்டியதுதானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் 'சும்மா' என்ற சொல்லைத்தான் நான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சும்மா வருவது என்றால் நாம் தேர்ந்தெடுக்காமல் வருவது என்று பொருள். அப்படி வந்து, பெரும்பாலோருக்கு மின்னஞ்சல் என்றாலே இதுதான் என்றாகிவிடும் ஒரு கருவி, தன்னுடைய எல்லைகளையே நம்முடைய எல்லைகளாக்கிவிடுகிறது. கடிதத்தின் ரகசியம் என்ற ஒரே விஷயத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

1991இல் அமெரிக்கரான ஃபில் ஸிம்மர்மன் பிஜிபி என்ற குறியாக்க மென்பொருளை எழுதி வெளியிட்டார். எழுதியவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி கடிதத்தைப் பூட்டுவது அது. எதிராளியின் சாவியை நம்புவதற்கு மேலிடத்துச் சான்றிதழ் தேவையில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்குச் சாட்சி சொன்னால் போதும். மென்பொருள் நாட்டைவிட்டு வெளியே போனது ஆயுத ஏற்றுமதி விதிகளை மீறிய குற்றமா என்று 1993 முதல் அமெரிக்க அரசு அவரை விசாரித்தது. 1996 ஜனவரியில் வழக்குத் தொடராமலே கைவிட்டது.

அரசால் தடுக்க முடியாத இதை உடன்வரும் மென்பொருள்கள் வேறு விதமாக ஓரங்கட்டின. தடை என்றுகூடச் சொல்ல முடியாது, மௌனம். மேக் கணினியோடு வரும் ஆப்பிள் மெயிலிலும், விண்டோஸோடு வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸிலும் உள்ளேயே இடம்பெற்றது எஸ்/மைம் என்ற இன்னொரு முறை. அதில் நம்பிக்கை என்பது சான்றிதழ் வழங்கும் அமைப்புகளிடமிருந்து கீழே இறங்கி வருவது. ஆக, படிநிலை சார்ந்த நம்பிக்கை உள்ளே. பக்கவாட்டில் பரவும் நம்பிக்கை வெளியே. வெளியே நின்றது செருகுநிரலாகத்தான் உள்ளே வந்தது: ஆப்பிள் மெயிலுக்கு ஜிபிஜி மெயில், தனியாக நிறுவிக்கொள்ளும் தண்டர்பேர்டுக்கு எனிக்மெயில்.

இது வெறும் நிரலாளர் சண்டையில்லை. 2012 இறுதியில் எட்வர்ட் ஸ்னோடன், பத்திரிகையாளர் க்ளென் க்ரீன்வால்டைத் தொடர்புகொண்டு பிஜிபி நிறுவிக்கொள்ளச் சொன்னார். அந்த வேலை சிக்கலாகத் தெரிந்ததால் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. ஸ்னோடன், குறியாக்கம் ஏற்கெனவே பழகியிருந்த லாரா பொய்ட்ரஸிடம் போனார். உலகம் அறிந்த அந்த ஆவணங்கள் 2013 ஜூனில் வெளிவந்தன. 'வேற ஒண்ணைப் போட்டுக்க வேண்டியதுதானே' என்பது எவ்வளவு பெரிய தூரம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எதிர்வாதத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. ஆப்பிள் மெயிலின் பழைய செருகுநிரல்கள் கம்பெனி முறைப்படி திறந்துவிட்ட வழியில் வந்தவையல்ல. உட்பகுதிகளைத் துருவிப் பார்த்து ஒட்டவைக்கப்பட்டவை. புதிய பதிப்பு வந்தால் உடைந்துபோகும். உள்ளே வந்துவிட்டால் எல்லாக் கடிதத்தையும் படிக்கலாம். 2018 மே மாதம் ஜெர்மன், பெல்ஜிய ஆய்வாளர்கள் 'ஈஃபெயில்' என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். பூட்டிய கடிதத்தைச் சுற்றி ஒரு படக் கட்டளையை எதிராளி எழுதி அனுப்புகிறான். மென்பொருள் பூட்டைத் திறந்ததும், படம் கேட்கும் சாக்கில் திறந்த வாசகத்தையே அவனுடைய கணினிக்கு அனுப்பிவிடுகிறது. பிஜிபி செருகுநிரல்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் சொன்னது. 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்பார் நண்பர். ஆனால் உள்ளேயே பிறந்த எஸ்/மைமும் அதே ஆய்வில் உடைந்தது என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம். ஓட்டை 'அந்நியன்' கொண்டுவந்தது மட்டுமல்ல. பழைய குறியாக்க வடிவங்களிலும், கடிதத்தை வலைப்பக்கம்போலக் காட்டும் பழக்கத்திலும் அது ஏற்கெனவே இருந்தது.

பிறகு நடந்தவை இரண்டு. 2020இல் தண்டர்பேர்ட் 78ஆம் பதிப்பு அந்தக் குறியாக்கத்தைத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது; எனிக்மெயிலுக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. விருந்தாளி குடும்பத்தில் ஒருவரானார் எனலாம். ஆப்பிள் 2021இல் மெயில்கிட் என்ற முறையான வழியை அறிவித்தது. கடிதம் எழுதுதல், வந்த கடிதத்தின் மேல் செயல்படுதல், உள்ளடக்கத்தைத் தடுத்தல், கடிதப் பாதுகாப்பு என நான்கே வாசல்கள். 2023இல் வந்த சொனோமா பதிப்போடு பழைய செருகுநிரல்கள் நின்றுபோயின. குறியாக்கத்துக்கு ஒரு வாசல் கிடைத்தது, சரி. ஐந்தாவதாக ஒரு தேவையை யோசித்தவர் எங்கே போவார்? இன்னின்ன தேவைகள்தாம் தேவைகள் என்று வரையறுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே இங்கே கேள்வி.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகள் செருகுநிரலுக்கு இடம் தரத்தான் வேண்டும். யார் வேண்டுமானாலும் எதையும் துருவலாம் என்று நான் சொல்லவில்லை. வாசல் வெளிப்படையாக இருக்க வேண்டும். அதைத் திறப்பவர், என்ன ஆபத்து என்று அறிந்து திறக்க வேண்டும். மூடுவதானால், மாற்றுவழி கிடைக்கும்வரை அவகாசம் தர வேண்டும். இந்தக் கடமை, நாம் கேட்காமலே மென்பொருளைக் கணினியோடு அனுப்பி வைத்ததிலிருந்தே தொடங்குகிறது. சும்மா தந்தது என்பதால் அது குறைந்துவிடாது, கூடத்தான் செய்யும்.