செக்கு, டப்பா, பாக்கெட்: சமையல் எண்ணெயும் அதிகாரமும் - சில குறிப்புகள்

'எந்த எண்ணெய் உடம்புக்கு நல்லது?' ரொம்பச் சாதாரணமான கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் சொல்லும் உரிமை யார் கையில் இருந்தது, எப்போது கைமாறியது என்று பார்க்கப் புகுந்தால் சாதி, சந்தை, சட்டம் எல்லாம் அதற்குள் கிடப்பது தெரியும். கடந்த நூறாண்டின் எண்ணெய் வரலாற்றை அந்தக் கோணத்திலிருந்து வாசிக்க விரும்புகிறேன்.

1902இல் ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன், திரவ எண்ணெயில் நிக்கல் துணையோடு ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1911இல் அமெரிக்காவில் கிரிஸ்கோ வந்தது. 1937இல் லீவர் குழுமம் இங்கே டால்டாவை இறக்கியது. நெய் வாங்க வக்கில்லாதவர்களுக்கு நெய்யின் சாயலை விற்கும் வியாபாரம் இது. முக்கியக் கச்சாப்பொருள் நம்ம நிலக்கடலை எண்ணெய்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 1934இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர், தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பா. மாட்டுச் செக்கைச் சீர்திருத்தும் வேலையை அச்சங்கம் எடுத்துக்கொண்டது. காந்தியும் வனஸ்பதியைக் கண்டித்தார். தடை வரவில்லை. வேறொன்று வந்தது: வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதி. எதற்கு? நெய்யில் யாராவது வனஸ்பதியைக் கலந்தால், சோதனையில் நல்லெண்ணெய் சிவப்பு நிறம் காட்டிக் கலப்படத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, சட்டம் நெய் வாங்குகிறவரைக் காப்பாற்றியது. டால்டா தின்கிறவரை அல்ல.

அந்தக் கெட்டிப்படுத்தலில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் இருவரும் 1990இல் எழுதினார்கள். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அதற்கு 2 சதவீத உச்சவரம்பு வந்தது 2022 ஜனவரியில். டால்டா வந்து 85 ஆண்டுகள்!

அடுத்த கைமாற்றத்துக்கு வருவோம். 1994இல் பாமோலின் இறக்குமதி 65 சதவீத வரியோடு திறந்துவிடப்பட்டது. 1998க்குள் வரி 15 சதவீதமானது. அதே 1998 ஆகஸ்டில் தில்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் உடம்பு வீங்கி 60 பேருக்கு மேல் செத்தார்கள். அரசு உடனே சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று ஆணை போட்டது. கலப்படம் கொலைதான், சந்தேகமில்லை. ஆனால் சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு கிண்ணத்தோடு நூறு மில்லி வாங்கப் போகிறவளும், தெருவோரச் செக்குக்காரரும் ஒரே அடியில் சந்தேகத்துக்குரியவர்களாக்கப்பட்டார்கள். மூக்கும் நாக்கும் செல்லாக்காசாயின. லேபிள் மட்டுமே சாட்சி என்றாயிற்று. இன்று நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி.

அதனால் மரச்செக்குக்குத் திரும்பிவிட்டால் போதுமா? இந்த ஏக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு செக்கு பத்துக் கசாப்புக் கூடங்களுக்குச் சமம் என்று கணக்குப் போட்டது மனு சாஸ்திரம். எதிரே வாணியர் வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பிப் போனவர்கள் நம்ம ஆட்கள்தான். இன்று கண்ணாடிப் பாட்டிலில் 'பாரம்பரியம்' என்று விற்கப்படும்போது இந்த வரலாறும் சேர்த்தே வடிகட்டப்படுகிறது. செக்கில் ஆட்டினாலும் தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்புதான். செக்கு அதை மாற்றாது.

தனி வீட்டு அளவில் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: ஒரே எண்ணெயையே பிடித்துக்கொண்டிருக்காமல் கடலெண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றிப் பயன்படுத்துவது, அளவைக் குறைப்பது, பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமலிருப்பது, வனஸ்பதியை அடுப்படிக்குள் விடாமலிருப்பது. இதற்கு மேல் 'தேர்வு' என்று பேசுவது காசு உள்ளவர்களின் பேச்சு. ரேஷன் பாமோலினை நம்பி அடுப்பு மூட்டும் வீட்டில் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது சமைக்கிறவள் அல்ல, கொள்முதல் செய்கிற அரசு. அந்தப் பாமோலினில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் இரண்டு பங்கு. இங்கே விளையும் கடலையையும் எள்ளையும் ஆட்டி, அந்த எண்ணெயை ரேஷன் கடையில் கொடு என்று தமிழக விவசாயிகள் கேட்டுவருகிறார்கள். ஆரோக்கியம் பற்றி எழுதுகிற நாம் முதலில் அவர்கள் பக்கம் போய் நிற்க வேண்டும்.