ஒரு கிலோவுக்கு ரெண்டு பவுன்!

கொல்லிமலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நாம் ஒரு பக்கம் சாய, மலையில் வாங்கிய மிளகு மூட்டை இன்னொரு பக்கம் ஓடும். ஆனாலும் அடிவாரத்தில் இறங்கும்போது மூட்டை பத்திரமாகக் கையில் இருக்கும். அதே மிளகைப் பெட்டியில் போட்டுத் திருச்சியில் விமானம் ஏறுகிறீர்கள். சிங்கப்பூரில் நீங்கள் இறங்கியாச்சு, பெட்டி இறங்கவில்லை! இப்போது யார் பணம் தருவார்கள்? எவ்வளவு?

இதற்கான விதியை முதலில் எழுதியது 1929-ல், போலந்தின் தலைநகர் வார்சாவில்.

அப்போது விமான சர்வீஸ் என்பது தவழும் குழந்தை. கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. டாடா தபால் விமானம் ஓட்டியதும், அந்தத் தபாலை அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட் நம் மெட்ராஸுக்குக் கொண்டுவந்ததும் 1932-ல்தான். ஒரே ஒரு விபத்து போதும், கம்பெனியையே மூடிவிட்டுப் போகவேண்டியதுதான். அதனால் நாடுகள் கூடி ஒரு பேரம் பேசின. 'பயணிக்கு ஏதாவது ஆனால், தப்பு எங்களுடையதல்ல என்று நிரூபிக்கிற பொறுப்பு கம்பெனிக்கு. பதிலுக்கு, எவ்வளவு நஷ்டமானாலும் ஓர் உச்சவரம்புக்கு மேல் கேட்கக்கூடாது.' இந்தியாவில் 1934-ல் இது சட்டமானது.

அந்த உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? ஓர் உயிருக்கு 1,25,000 பிராங்க். தொலைந்த பெட்டிக்குக் கிலோவுக்கு 250 பிராங்க். எந்த நாட்டு நோட்டையும் நம்பாமல், ஒரு பிராங்க் என்றால் 65.5 மில்லிகிராம் தங்கம் என்று எழுதிவைத்தார்கள். நம்ம ஊர்க் கணக்கு போட்டுப் பாருங்கள். உயிருக்கு 8 கிலோவுக்கும் மேலே, ஆயிரம் பவுனைத் தாண்டும். பெட்டிக்குக் கிலோவுக்கு ரெண்டு பவுன். இருபது கிலோ பெட்டி என்றால் நாற்பது பவுன்! ஒரு கல்யாணமே நடத்தலாமே என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

சட்டத்தில் இருந்தது தங்கம். கையில் கிடைத்தது காகிதம். 1970-களில் தங்கத்தின் சந்தை விலை எகிறியது. சர்க்கார்களோ பழைய அரசாங்க விலையையே பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டன. அந்தக் கணக்கில் கிலோவுக்கு வெறும் 20 டாலர்!

1979-ல் பிலடெல்பியாவிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய நாணயப் பார்சல்கள் தொலைந்தன. சுமார் 324 கிலோ. அனுப்பிய பிராங்க்ளின் மின்ட் நிறுவனம் கேட்டது 2,50,000 டாலர். 'தங்கத்தை இன்றைய விலைக்குப் போடுங்கள்' என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. 1984-ல் தீர்ப்பு: பழைய கணக்குதான் செல்லும். கிடைத்தது சுமார் 6,476 டாலர். உள்ளே இருப்பது தங்கக் காசா, தகரமா என்று சட்டம் பார்க்கவில்லை. தராசைத்தான் பார்த்தது.

இந்த அநியாயத்துக்கு முடிவு கட்டியது 1999-ல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தம். தங்கம் போய், சர்வதேச நிதியத்தின் 'எஸ்.டி.ஆர்.' என்ற கணக்கு வந்தது. பெட்டிக்கு எடை போடுவது ஒழிந்து, ஒரு பயணிக்கு இவ்வளவு என்றானது. அன்று 1,000 எஸ்.டி.ஆர்.; 2024 டிசம்பரில் ஒப்பந்தத்தில் அது 1,519 ஆனது. உயிரிழப்புக்கு மொத்த உச்சவரம்பே கிடையாது. முதல் 1,00,000 எஸ்.டி.ஆர். வரை, 'தப்பு எங்களுடையதல்ல' என்று கம்பெனி நழுவ முடியாது. அதற்கு மேல் தப்பிக்க வேண்டுமானால், அலட்சியம் இல்லை என்று அதுதான் நிரூபிக்க வேண்டும். (இந்தத் தொகையும் பிறகு உயர்ந்தது.)

இந்தியா இதில் சேர்ந்தது 2009-ல். மறு வருஷமே, 2010 மே 22 அன்று, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. 158 பேர் மாண்டார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் குறைந்தது 75 லட்சம் என்றார் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி. இரு நீதிபதிகள் பெஞ்ச் அதே 2011-ல் மறுத்தது: 'அவரவர் நஷ்டத்தை நிரூபித்தால்தான்.' விடாமல் வழக்காடிய ஒரு குடும்பத்துக்கு, இறந்தவரின் வருமானத்தைக் கணக்கிட்டு 2020-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது 7 கோடியே 64 லட்சம்!

கவனித்தீர்களா? சட்டம் சொல்லும் தொகை தானாகக் கைக்கு வராது. கேட்கிறவருக்கும், காகிதம் வைத்திருக்கிறவருக்கும்தான் வரும். மிளகுக்கும் அதே விதிதான். 1,519 என்பது உச்சவரம்பு. கிடைப்பது நிரூபித்த நஷ்டம் மட்டுமே.

எனவே வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி வரவில்லையென்றால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் கொடுங்கள். பெட்டி உடைந்திருந்தால் 7 நாள், தாமதமாக வந்தால் 21 நாள், அதற்குள் எழுதியாக வேண்டும். வழக்குப் போட 2 வருஷம். பெட்டிக்குள் ரொம்ப விலை உயர்ந்த பொருளா? ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணம் கட்டிவிடுங்கள்.

முக்கியமாக, மிளகு வாங்கிய பில்லைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். சட்டைப் பையில் வையுங்கள்!