எழுதிய பாடமும் நடந்த பாடமும்: புதுச்சேரி ஆசிரியர் பயிற்சியை முன்வைத்து

தனக்கெனக் கல்வி வாரியம் இல்லாத ஒன்றியப் பகுதி புதுச்சேரி. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகி கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் 11-ஆம் வகுப்பும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின, அடுத்த ஆண்டில் 10, 12-ஆம் வகுப்புகளும் மாறின. பிள்ளைகளுக்குப் பாடம் கடினமா என்றே அதிகம் பேசினோம். பாடத்தை வடிவமைக்க ஆசிரியருக்குத் தந்த பயிற்சி இந்த மாற்றத்தில் எவ்வளவு கைகொடுத்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

பி.எட். வகுப்பில் வடிவமைப்பு என்றால் பாடக்குறிப்பு எழுதுவது. நோக்கங்கள், முன்னறிவு, ஊக்குவித்தல், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் கட்டி, 1956-இல் வெளியான புளூமின் வகைப்பாட்டுக்கேற்ற வினைச்சொற்களைப் பொறுக்கி நிரப்புவார்கள். நுண்ணிலைக் கற்பித்தலில் உடன் பயில்பவர்களே மாணவர்களாக உட்காருகிறார்கள். விடை தெரிந்தவர்கள் கேட்கும் வகுப்பில் எந்தக் குறிப்பும் தோற்காது.

பணியில் சேர்ந்தவருக்கு வேலையே வேறு. யாரோ வடிவமைத்த பாடநூல் முன்னால் இருக்கிறது. அதை வெட்டி, வரிசை மாற்றி, தன் வகுப்புக்குப் பொருத்த வேண்டும். என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் வேதிவினைகள் பற்றிய முதல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். கோடையில் வெளியே வைத்த பால், ஈரக்காற்றில் கிடக்கும் இரும்புச் சட்டி, புளிக்கும் திராட்சை, சமைத்த உணவு என அன்றாட நிகழ்வுகளை அடுக்கிவிட்டு, முதல் செயல்பாடாக மக்னீசிய நாடாவை எரிக்கச் சொல்கிறது. ஆங்கிலப் பத்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அந்தப் பட்டியலை வாசித்து முடிக்கவே ஒரு பீரியட் போய்விடும். தேர்ந்த ஆசிரியர் பாலையும் திராட்சையையும் தள்ளி வைத்துவிட்டு இரும்பில் தொடங்குவார். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள், வாய் திறப்பார்கள். மக்னீசியத்தின் வெளிச்சம் அதற்குப் பிறகு வந்தால் போதும். இது முழுமையான வடிவமைப்பு முடிவு. ஆனால் பாடக்குறிப்பேட்டில் இதை எழுத ஒரு கட்டமும் கிடையாது.

இதை வைத்து ‘கோட்பாடு நடைமுறைக்கு உதவாது’ என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. வால்டர் டிக், லூ கேரி இருவரின் 1978-ஆம் ஆண்டு நூல், சோதித்துப் பார்த்துத் திருத்துவதை வடிவமைப்பின் உள்ளுறுப்பாகவே வைத்தது. அந்தப் பாதியைக் கைவிட்டது பயிற்சிதான். குறிப்பை வகுப்புக்கு முன்பே சரிபார்த்துக் கையெழுத்திடுகிறோம். வகுப்பு முடிந்ததும் அதைத் திருப்பிப் பார்க்க யாருமில்லை. பயிற்சி மாணவர் அடித்துத் திருத்திய குறிப்பேடு நேர்த்திக்குறைவாகத் தெரிவதால் மதிப்பெண்ணும் போகிறது. இது பெரும் அநீதி.

இதே ஊரில் மாற்றுமரபும் உண்டு. 1943 டிசம்பர் 2-இல் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை தொடங்கிய பள்ளி, பின்னாளில் ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையமாக வளர்ந்தது. அது பட்டம் வழங்குவதில்லை. அங்கு வளர்ந்த ‘சுதந்திர முன்னேற்ற’ முறையில் பிள்ளையின் போக்கைப் பார்த்துப் பாடப்பொருளைத் தயாரிப்பது ஆசிரியரின் அன்றாட வேலை. சிறிய வகுப்புகளும் தேர்வு நெருக்கடி இல்லாத சூழலும் அதற்குத் துணை. அரசுப் பள்ளிக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. திருத்துவதை ஆசிரியரின் கடமையாகக் கருதும் வழக்கத்தையாவது கொண்டுவரலாம்.

அதற்கான கால அவகாசம் ஏற்கெனவே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, பள்ளி அகப்பயிற்சிக்கு 20 வாரங்கள் ஒதுக்கின. அந்த வாரங்களில் ஒரே பாடத்தை இரண்டு பிரிவுகளில் நடத்தச் சொல்லலாம். முதல் வகுப்புக்கு எழுதிய குறிப்பு, அங்கே பிள்ளைகள் கேட்ட கேள்விகள், இரண்டாம் வகுப்புக்கு மாற்றியவை, மாற்றியதற்கான காரணம் ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிட வேண்டும். புறத்தேர்வாளரின் மேசைக்கும் அந்த அடித்தல் திருத்தல் நிறைந்த பிரதியே போகட்டும்.