ஸ்பிரிங்குக்குள் கடல்

1960களின் துவக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் எழுந்த 'ஸர்ஃப்' கிடார் இசையைப் பற்றி எழுத இந்தப் பத்திரிகையில் இடமுண்டா என்று கேட்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். எது நம்முடையது, எது இரவல் என்று இலக்கியத்தில் தீர்ப்பு வழங்கும் அதே அவசரத்தை இசையிலும் நாம் காட்டி வருவதால், இடமுண்டு என்றே நினைக்கிறேன்.

இந்த இசையின் அடையாளம் மெட்டு அல்ல, தாளமும் அல்ல, ஒருவித ஈரம். வாசித்த ஸ்வரம் தண்ணீரில் விழுந்து தெறிப்பது போன்ற சப்தம். இது கடலிலிருந்து வந்ததில்லை. திறந்த கடற்கரையில் எதிரொலி ஏது? (மெரினாவில் நின்று கத்திப் பார்க்கலாம்.) அதன் பூர்வீகம் டெலிஃபோன். தொலைதூரப் பேச்சில் நேரும் தாமதத்தைப் போலியாக உண்டாக்கிப் பார்க்க, பெல் ஆய்வுக்கூடத்தில் கம்பிச் சுருள்களைப் பயன்படுத்தினார்கள். ஹாமண்ட் கம்பெனி அதைத் தன் ஆர்கனுக்கு எடுத்துக்கொண்டது. மாதாகோயிலின் முழக்கம் வீட்டுக் கூடத்திலும் கேட்கவேண்டும் என்பது நோக்கம். 1961ல் லியோ ஃபெண்டரின் கம்பெனி ஹாமண்டின் ஸ்பிரிங்கைத் தனிப் பெட்டியில் அடைத்து கிடார்காரர்களுக்கு விற்றது.

மூன்று வால்வு, மூன்று குமிழ். பெட்டி கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் உட்காரும். ஒரு வால்வு ஸ்பிரிங்கின் ஒரு முனையை ஆட்டும். அதிர்வு சற்றுத் தாமதித்து, முட்டித் திரும்பி, மறுமுனையில் வந்து மூல சப்தத்தோடு கலக்கும். எவ்வளவு பலமாக ஆட்டுவது என்பதற்கே ஒரு குமிழ் உண்டு. 1963 முதல் ஃபெண்டர் ஸ்பிரிங்கை ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே வைத்துவிட்டது. தூக்கிச் செல்ல வசதிதான். ஆனால் அங்கே எதிரொலி முதல் வால்வைத் தாண்டிய பிறகுதான் சேர்கிறது. வெளிப்பெட்டியிலோ மூலமும் எதிரொலியும் ஒன்றாக முதல் வால்வில் நுழைந்து, ஒன்றாகவே கசங்குகின்றன. பிடிவாதக்காரர்கள் இன்றும் வெளிப்பெட்டியைத் தேடுவது இதனால்தான்.

ஆம்பூரில் பழைய மைக்செட் சாமான்களை விடாமல் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வால்வு ஆம்ப்ளிஃபயரில் இதைச் சோதித்தோம். ஸ்பிரிங்கை முதல் வால்வுக்குப் பின்னால் இணைத்தபோது கல்யாண மண்டபத்தில் வாசிப்பதுபோல் மரியாதையாக இருந்தது. முன்னால் இணைத்து, தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு மீட்டியபோது சொட்டுச் சொட்டாக விழுந்தது. தவறிப்போய்ப் பெட்டியில் முழங்கை இடித்ததும் ஸ்பீக்கரில் இடி. "மெதுவா வைங்கப்பா, மழைன்னு நெனச்சு காயப்போட்ட தோலையெல்லாம் எடுத்துடப் போறாங்க" என்றார் நண்பரின் தகப்பனார்.

இந்த இசையின் ராஜா என்று கொண்டாடப்படும் டிக் டேல் லெபனான் வம்சாவளித் தகப்பனாருக்குப் பிறந்தவர், இடதுகைக்காரர், 2019ல் இறந்தார். 1962ல் அவர் வாசித்த 'மிஸிர்லூ' கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியின் பாட்டு. 1927லேயே கிரேக்க மொழியில் இசைத்தட்டாக வந்தது. 1994ல் 'பல்ப் ஃபிக்ஷன்' படம் அதை மறுபடி உலகமெங்கும் கொண்டுபோயிற்று. அதன் ஸ்வரங்கள் நம் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள். சரளி வரிசையில் குழந்தைக்கு முதன்முதல் சொல்லித்தருகிறோமே, அவை. ஸ்வர வரிசை ஒன்றானதால் ராகமும் ஒன்றாகிவிடாது. கமகம் இல்லை, ராக பாவத்தைப் பற்றிய கவலையும் இல்லை. ஆனால் இதை 'மேற்கத்திய இரைச்சல்' என்று ஒதுக்கும் சங்கீத ரசிகர் தன் முதல் பாடத்தையே அடையாளம் காணாமல் ஒதுக்குகிறார். வேடிக்கை என்னவென்றால், ஸர்ஃப் இசையின் உச்சமாகச் சொல்லப்படும் அந்த இசைத்தட்டில் ஸ்பிரிங் பெட்டியே இல்லை. டேல் அந்த எதிரொலியை முதலில் விரும்பியது தன் குரலுக்காக.

நம் சினிமாவுக்கு வருவோம். 1964ல் 'காதலிக்க நேரமில்லை'யில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி ட்விஸ்ட் தாளத்தைக் கையாண்டதை இன்றும் 'காப்பி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. 1976ல் 'அன்னக்கிளி' வந்தபோது மண்வாசனை என்று புகழ்ந்தார்கள். இளையராஜா அதற்கு முன் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர், கிடார் வாசித்தவர். மண்ணை முகர்ந்தவர்களுக்கு அந்தக் கிடார் விரல்கள் கேட்கவில்லை. காப்பி என்ற வசையும் மண்வாசனை என்ற புகழ்ச்சியும் காதைப் பயன்படுத்தாத ஒரே சோம்பலிலிருந்து வருவதாகவே எனக்குப் படுகிறது.

ஃபெண்டர் பெட்டிகளின் மேலுறை தோல் அல்ல. தோல் போல வரியோடிய 'டோலெக்ஸ்' என்ற வினைல். நம் ஊர்ப் பேச்சில் ரெக்ஸின். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை இதில் யாரையும் ஏமாற்ற முடியாது. எங்கள் பெட்டிக்கு நல்ல ஆட்டுத்தோலாகப் போர்த்திவிடலாம் என்கிறார் நண்பர். போர்த்தட்டும். சப்தம் மாறாது என்று சொல்லியிருக்கிறேன்.