கியர் பெட்டியும் எட்டாம் வகுப்பும்

சற்று நீண்ட பதிவு. டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஓடிவிடாதீர்கள், கடைசியில் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

எங்கள் வீட்டு அம்பாசிடரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1984 மாடல், வெள்ளை நிறம். சார் இருந்தவரை வாரம் ஒருமுறை குளித்தலைப் பாலம் வரை ஓட்டிவிட்டு வருவார். அவர் போன பிறகு ஷெட்டிலேயே நின்றது. போன வருடம் எடுத்து ஓட்டச் சொன்னால், மூன்றாவது கியர் போட்டுக் கையை எடுத்ததும் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. கூடவே ஒரு ஊளைச் சத்தம். "எடைக்குப் போடும்மா" என்றான் மகன். மனசு கேட்கவில்லை. ஆள் தேட ஆரம்பித்தேன்.

திருச்சியில் மூன்று இடம், கரூரில் இரண்டு. ஒருவர் கம்ப்யூட்டர் வயரைச் செருக இடம் தேடினார். ஒருவர் வண்டியில் ஏறாமலேயே தொகை சொன்னார். மற்றவர்கள் "பெட்டியையே மாத்திடலாம்" என்றார்கள். பிரித்துச் சரிசெய்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏன் இப்படி ஆனது என்று யோசித்துப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் ஆறாம் வகுப்புக் கணக்கு. 10 பல் உள்ள சக்கரம் 40 பல் உள்ள சக்கரத்தைச் சுற்றினால், சின்னது நாலு சுற்று சுற்றும்போது பெரியது ஒரு சுற்றுதான் வரும். வேகம் நாலில் ஒரு பங்கு, முறுக்கு விசை நாலு மடங்கு. மேட்டில் ஏற விசை வேண்டும், சமவெளியில் ஓட வேகம் வேண்டும். அதற்காகத்தான் கியர் பெட்டி. 1891-ல் பிரான்சின் பனார் லெவாசோர் கம்பெனி, பற்சக்கரங்களை நகர்த்திக் கோக்கும் பெட்டியைக் காரில் வைத்தது. ஓடுகிற சக்கரத்தை வேறு வேகத்தில் ஓடும் இன்னொன்றோடு கோத்தால் பல் கடிக்கும். ஓட்டுநர்தான் இரண்டு முறை கிளட்ச் மிதித்து வேகத்தைச் சமப்படுத்த வேண்டும். 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 'சிங்க்ரோமெஷ்' வந்தது. பல் சேரும் முன்பே ஒரு கூம்பு உரசி இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும்.

நம் அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்தது. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல் தொடங்கி 2014 வரை செய்தது. எங்கள் வண்டியில் நாலு கியர். மேல் மூன்றுக்குத்தான் சிங்க்ரோ, முதல் கியருக்குக் கிடையாது. "வண்டி முழுசா நின்னாத்தான் ஃபர்ஸ்ட்" என்று சார் திட்டுவாரே, காரணம் அதுதான்.

அந்தக் காலத்தில் கார் வாங்கப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. அதனால் இருப்பதைப் பழுது பார்த்தே ஓட்டினார்கள். சாமான் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்தார்கள். அம்பாசிடரும் ஃபியட்டும் பல வருடம் பெரிதாக மாறவே இல்லை. நம் சென்னையிலேயே, வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு கார் செய்தது. இந்த மூன்று வண்டியைக் கற்றுக்கொண்டவருக்கு வாழ்நாள் முழுக்க வேலை இருந்தது. ஊருக்கு ஒரு மேஸ்திரி, அவரிடம் நாலு பையன்கள். புத்தகம் இல்லாத பள்ளிக்கூடம். கோவை ஜி.டி. நாயுடுவும் ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பார்த்துத்தானே தொழில் கற்றார்!

1983 டிசம்பரில் மாருதி வந்தது. புதுப் புது மாடல்கள், கம்பெனி சர்வீஸ், பழுதானால் மாற்று. 2014-ல் அம்பாசிடர் நின்றது. அதே வருடம் கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஏ.எம்.டி. கியரோடு செலேரியோ வந்தது. பையன்கள் மேஸ்திரியிடம் வருவது நின்றுபோனது.

கடைசியில் பழைய டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் கை காட்டினார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. எல்லாரும் 'பாய்' என்கிறார்கள். வயது எழுபதுக்கு மேல்.

பாய் தொகை சொல்லவில்லை. முதலில் வண்டியை ஓட்டினார். ஒவ்வொரு கியரிலும் காது கொடுத்துக் கேட்டார். "டீச்சர், நாலாவதுல சத்தம் இல்ல, கவனிச்சீங்களா? நாலாவதுல இன்ஜின் சுத்து நேரா பின்னாடி போயிடும், கீழ இருக்கிற லே ஷாஃப்டுக்குப் பாரமே இருக்காது. மத்த கியர்ல எல்லாம் சத்தம். அப்ப கோளாறு அங்கதான்." பெட்டியைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார்! ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தார். பித்தளைத் தூள் மினுங்கியது, சிங்க்ரோ கூம்பு தேய்ந்திருக்கிறது என்றார். பிரித்த பாகங்களைத் துணியில் வரிசை மாறாமல் அடுக்கினார். எதை மாற்ற வேண்டாம் என்பதையும் சொன்னார். ஊசி பேரிங்குகளை ஒவ்வொன்றாக கிரீஸில் ஒட்டவைத்து விரலாலேயே எண்ணினார். நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் சொல்ல?

டீ வந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன், "எதுவரைக்கும் படிச்சீங்க பாய்?"

"எட்டாவது டீச்சர். கணக்கு வரல. 'நீ மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் லாயக்கு'ன்னார் வாத்தியார். வந்துட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் டீயைக் குடிக்க முடியவில்லை.

முப்பத்து நான்கு வருடச் சர்வீஸில் அதே வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பயமுறுத்தினால் படிப்பீர்கள் என்று நினைத்தேன். பற்களின் விகிதத்தை மனசிலேயே போடுகிற மனிதரைக் கணக்கு வராதவர் என்று ஒரு வகுப்பறை வெளியே அனுப்பியிருக்கிறது. என் வகுப்பறையும் அனுப்பியிருக்கும். அப்படிக் கேட்டவர்கள் இதைப் படித்தால், டீச்சர் சொன்னது தப்பு. அது தண்டனையாகச் சொல்லும் இடமே இல்லை. மன்னித்துவிடுங்கள்.

வண்டி இப்போது ஓடுகிறது. மூன்றாவது கியர் அசையாமல் நிற்கிறது. பாய் செய்த வேலையைப் படம் போட்டு ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தச் சத்தத்தை நோட்டில் எழுத முடியாதே. அவரிடம் இப்போது ஒரு பையன்கூட இல்லை. உங்கள் வீட்டில், தெருவில், ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நானே பாயிடம் அழைத்துப் போகிறேன், அம்பாசிடரில்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்