விண்ணின் மெல்லிய சமிக்ஞையைக் காக்கும் பெருக்கிகளும் லேசர்களும்: புணே ரேடியோ தொலைநோக்கி இயங்குவது எப்படி?

புணே: மகாராஷ்டிர மாநிலம் புணேவுக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், நாராயண்காவ் அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 பிரம்மாண்ட ஆன்டெனாக்கள் வானை நோக்கி நிற்கின்றன. தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் இயக்கிவரும் ஜிஎம்ஆர்டி எனப்படும் ரேடியோ தொலைநோக்கி இது. இவற்றில் 14 ஆன்டெனாக்கள் மையப்பகுதியில் நெருங்கியும், எஞ்சியவை மூன்று கரங்களாக 25 கி.மீ. வரை பரந்தும் அமைந்துள்ளன.

விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் சமிக்ஞை மிக நுண்ணியது. கருவிகள் தாமே எழுப்பும் மின் இரைச்சலில் அது எளிதில் மூழ்கிவிடும். எனவே, ஆன்டெனாவின் குவியத்திலேயே குறை இரைச்சல் பெருக்கி பொருத்தப்படுகிறது. சமிக்ஞையை இது ஆயிரம் மடங்கு பெருக்கினால், அடுத்துள்ள கருவியின் இரைச்சல் ஆயிரத்தில் ஒரு பங்காகவே கணக்கில் சேரும். ஆனால், பெருக்கிக்கு முன்பு நேரும் இழப்புக்கு இந்தச் சலுகை இல்லை. அங்குள்ள கம்பிவடம் 10 சதவீத ஆற்றலை விழுங்கினாலே, அறை வெப்பநிலையில் சுமார் 30 கெல்வின் இரைச்சல் கூடிவிடும்.

உயர் அதிர்வெண் தொலைநோக்கிகளில் பெருக்கியைக் கடுமையாகக் குளிர்விப்பது வழக்கம். ஜிஎம்ஆர்டி அவ்வாறு செய்வதில்லை. குறைந்த அதிர்வெண்களில் நமது பால்வெளி மண்டலமே பெரும் இரைச்சலை எழுப்புவதால், குளிர்விக்கும் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

பெருக்கப்பட்ட சமிக்ஞையைச் செம்புக் கம்பியில் 25 கி.மீ. கொண்டுசெல்ல இயலாது. எனவே, அதற்கேற்பக் குறைக்கடத்தி லேசரின் ஒளிச்செறிவு மாற்றப்பட்டு, நிலத்தடியில் புதைத்த கண்ணாடி இழை வழியே மைய ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. இங்கும் இரைச்சல் விடுவதில்லை. எளிய வகை லேசர் ஒரே நேரத்தில் பல அலைநீளங்களில் ஒளிர்கிறது. ஆற்றல் அவற்றுக்கிடையே தாவிக்கொண்டே இருக்கும். அவை இழைக்குள் வெவ்வேறு வேகத்தில் செல்வதால், இந்தத் தாவலே இரைச்சலாக வெளிப்படுகிறது. மேம்பட்ட லேசரில் குறைக்கடத்திக்குள்ளேயே நுண்வரிகள் பொறிக்கப்பட்டு, ஒரே அலைநீளம் மட்டும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. வெப்பம் மாறினால் அதுவும் நழுவும் என்பதால், சிறு மின்குளிரூட்டியும் தேவைப்படுகிறது.

பெருக்கியும் லேசரும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதே பொறியாளர்களுக்கு உண்மையான சவால். போதிய அளவு பெருக்காவிட்டால் சமிக்ஞை லேசரின் இரைச்சலில் மறையும். மிகுதியாகப் பெருக்கினால், செல்பேசி கோபுரங்களின் அலைகள் கலந்து போலிச் சமிக்ஞைகள் தோன்றும். அந்நிய அலைகளை முன்கூட்டியே வடிகட்டலாம். ஆனால், முதல் பெருக்கிக்கு முன்னே வைக்கும் வடிகட்டியும் இழப்பையே தரும்.

பின்னர் நடந்த மேம்பாட்டில் பெருக்கிகளும் ஒளியிழை இணைப்புகளும் புதுப்பிக்கப்பட்டன. ஒரே நேரத்தில் ஆராயக்கூடிய அலைப்பட்டையின் அகலம் 32 மெகாஹெர்ட்ஸிலிருந்து 400 மெகாஹெர்ட்ஸாக உயர்ந்தது. 880 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த ஹைட்ரஜன் அணுச் சமிக்ஞையை இத்தொலைநோக்கியின் பதிவுகளில் கண்டறிந்ததாக 2023 ஜனவரியில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1,420 மெகாஹெர்ட்ஸில் புறப்பட்ட அந்த அலை, பிரபஞ்சம் விரிவடைந்ததால் ஏறத்தாழ 620 மெகாஹெர்ட்ஸாகத் தாழ்ந்து இங்கு வந்து சேர்ந்தது. இடையிலுள்ள வேறொரு விண்மீன் மண்டலத்தின் ஈர்ப்பு, உருப்பெருக்கி போலச் செயல்பட்டு அதை வலுப்படுத்தியிருந்தது.

ஜிஎம்ஆர்டியில் ஆன்டெனாவுக்கு இரண்டு வீதம் 60 சமிக்ஞைத் தொடர்கள் உள்ளன. இந்தியாவும் பங்கேற்கும் எஸ்கேஏ திட்டத்தில், ஆஸ்திரேலியாவில் மட்டும் 1,31,072 சிறு ஆன்டெனாக்கள் அமைகின்றன. ஒவ்வொன்றுக்கும் பெருக்கி வேண்டும். சமிக்ஞைகள் ஒளியிழையிலேயே செல்ல வேண்டும். இத்தகைய எண்ணிக்கையில் தனித்தனிப் பாகங்களைக் கையால் சரிசெய்ய முடியாது என்பதால், அவற்றை ஒரே சில்லில் ஒருங்கிணைக்கும் முயற்சி முக்கியத்துவம் பெறுகிறது. மின்னணுச் சில்லுகளின் மூலப்பொருளான சிலிக்கான் திறம்பட ஒளி உமிழாது. லேசருக்கு இண்டியம் பாஸ்பைடு போன்ற சேர்மம் தேவை. இவ்விரண்டையும் பழுதின்றி ஒட்டவைப்பதும், லேசரின் வெப்பம் அருகிலுள்ள பெருக்கியின் இரைச்சலைக் கூட்டாமல் தடுப்பதும் இன்னும் கடினமான பணிகளாகவே உள்ளன.